679 பேர் காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

குடியாத்தத்தில் என் சித்தப்பாவுக்கு லுங்கி வியாபாரம். சொந்தத் தறி நாலுதான், மீதி எல்லாம் வெளித்தறி: நூல் வாங்கி, சாயம் போட்டு, பாவாக்கி (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு) வீட்டுத் தறிக்காரர்களிடம் கொடுப்பார், நெய்து வருவதை வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். கணக்கு நோட்டை அவர் மூடி வைத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இப்போது எல்லாம் போன்தான், அதிலும் அவர் கணக்கு வைக்கும் இடம் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு எண்ணைச் சேமிக்கும்போது பெயர், எண் எல்லாம் தாண்டி அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் வருமே, நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத் தொட்டிருக்கவே மாட்டோம். சித்தப்பா அதில்தான் எழுதுவார். எத்தனை பாவு போயிருக்கிறது, முன்பணம் எவ்வளவு, கடைசியாகக் கூலி கொடுத்த தேதி. கேலரி முழுக்கக் கட்டம் போட்ட லுங்கிப் படங்கள், எந்த டிசைன் எந்தத் தறியில் ஓடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

2024 டிசம்பர் 15 அன்று நான் அந்தப் போனைக் கையில் வாங்கியபோது அதில் 49 காண்டாக்ட் இருந்தது. 49 பேரும் சொந்தக்காரர்கள். நூல்கடை ஒன்றுகூட இல்லை, சாயப்பட்டறை இல்லை, தறிக்காரர் ஒருத்தர் இல்லை.

“இன்னாடா இது, தொடச்சி வுட்ட மாரி கீது,” என்றார் சித்தப்பா.

எப்படித் துடைபட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு அந்த ஞாயிறு பகல் முழுக்க ஆனது. வைரஸ் இல்லை, ஹேக்கிங் இல்லை, போன் கெட்டுப்போகவும் இல்லை. எல்லாமே தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் சரியாகச் செய்திருந்தன, கோளாறே அதுதான். நாலு பேர் நல்லது நினைத்துச் செய்த நாலு காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன, அதில் ஒன்று என்னுடையது.

பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு

ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை, அக்டோபர் 14, சித்தப்பா வேலூருக்கு வந்து புதுப் போன் வாங்கினார். பழைய போன் 32 ஜிபி, எப்போது பார்த்தாலும் ஸ்டோரேஜ் இல்லை என்று அழும். கடையில் இருந்த பையன் சுறுசுறுப்பானவன். பழைய போனின் காண்டாக்ட் மொத்தத்தையும் ஒரே ஃபைலாக எடுத்துப் புளூடூத்தில் புதுப் போனுக்கு அனுப்பி ஏற்றிவிட்டான். பழைய போனில் இருந்த மெயில் கணக்கின் பாஸ்வேர்ட் சித்தப்பாவுக்குத் தெரியாது, அந்தக் கணக்கே முந்தைய போனை வாங்கியபோது இன்னொரு கடைப்பையன் உருவாக்கிக் கொடுத்ததுதான், அதன்படி சித்தப்பாவுக்கு இப்போது வயது 27. சரி, ஓடிபி வாங்கி அந்தக் கணக்கையும் புதுப் போனில் போட்டுக் கொடுத்தான். “போட்டோ எல்லாம் அதுவா வந்துடும் சார்” என்றான். வந்தது. கேலரியைத் திறந்தால் லுங்கிகள் வரிசையாகத் தெரிந்தன. அவை போனில் இல்லை, இணையத்தில் இருப்பதைப் போன் எட்டிப் பார்த்துக் காட்டுகிறது என்று சித்தப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவர் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறியிருப்பார்.

பழைய போன் சித்திக்குப் போனது. கணக்கை எடுக்காமலே போனது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் புதுப் போனில் எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. ஒரு பிரதி சுத்தமாக, ஒரு பிரதி கிறுக்கலாக. இந்தக் கிறுக்கல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப்பையன் அனுப்பிய ஃபைல் விகார்டு வகை. ஒரு ஆளின் பெயர், எண், முகவரி, குறிப்பு எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக எழுதி வைக்கும் ஏற்பாடு அது. அதன் 2.1 பதிப்பு 1996-இல் வந்தது, 2011-இல் 4.0 வந்து, எழுத்துகளைக் கணினிக்குப் புரியும் எண்களாக்க எல்லா மொழிக்கும் யூடிஎஃப்-8 என்று ஒரே வழியாக்கிவிட்டது, ஆனாலும் பல ஆண்ட்ராய்டு போன்கள் ஃபைலாக எடுக்கச் சொன்னால் இன்னமும் அந்த 1996 பாணியில்தான் எழுதித் தருகின்றன. அந்தப் பாணியில் தமிழை அப்படியே எழுத மாட்டார்கள். ‘க’ என்ற ஒரு குறிக்கு யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் (கணினி தகவலை அளக்கும் சின்ன அலகு), ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறி, அதன் பின்னால் இரண்டு எழுத்து என்று மாற்றி எழுதுவார்கள், ஆக ‘க’ ஒன்றுக்கே ஒன்பது எழுத்து. ‘கு’ என்றால் க ஒரு குறி, உகர அடையாளம் ஒரு குறி, பதினெட்டு. இதோடு ஒரு வரி 76 எழுத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது, தாண்டினால் வரிக் கடைசியில் ஒரு சமக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். இங்கிலீஷில் பெயர் வைத்திருப்பவருக்கு வரி உடையவே உடையாது. தமிழில் ஏழெட்டுக் குறி வந்ததுமே உடையும், அதுவும் ஒரு எழுத்தின் நட்டநடுவில் உடையலாம்.

புதுப் போனின் செயலி அந்த உடைந்த வரியை ஒட்ட வைக்கத் தெரியாமல் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டது. ‘சாயம்’ என்று சேமித்திருந்தது முழுசாக வந்தது. ‘நூல்கடை ஈரோடு’ என்பது ‘நூல்கடை’ என்று வந்து, ஒரு இடம் விட்டு, கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாக முடிந்தது. ‘நூல்கடை சேலம்’ என்பதும் ‘நூல்கடை’, கேள்விக்குறி. இப்படி ஐந்து நூல்கடை, ஐந்துக்கும் ஒரே பெயர். குறிப்புக் கட்டத்தில் முன்பணம் பத்தாயிரம் என்று எழுதியிருந்தால் ‘முன்பணம’ வரைக்கும் வந்து, மீதியைக் கேள்விக்குறி விழுங்கியிருந்தது.

சித்தப்பா மகன் வேலூரில் கல்லூரிக்குப் போகிறான். அவன் அன்று ராத்திரி பார்த்துவிட்டு, கிறுக்கல் பிரதி எல்லாம் ‘போன்’ என்ற இடத்திலும் நல்ல பிரதி எல்லாம் கணக்கிலும் இருப்பதைக் கவனித்து, போனில் இருந்ததை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பட்டியல் சுத்தமானது, சித்தப்பாவுக்குச் சந்தோஷம்.

பழைய போனில் மொத்தம் 1,184 எண் இருந்தது, அதில் கணக்கில் இருந்தது 702 மட்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. புது எண்ணைச் சேமிக்கும்போது ‘எங்கே சேமிக்க?’ என்று போன் ஒரு தடவை கேட்கும், அன்றைக்கு எதைத் தொட்டோமோ அதையே பிறகு தன்னிஷ்டத்துக்குத் தொடரும். நடுவில் எப்போதோ சித்தப்பா ‘போன்’ என்பதைத் தொட்டிருக்கிறார். அன்றிலிருந்து 482 எண்கள் இணையத்துக்கே போனதில்லை. திரையில் இரண்டும் ஒரே பட்டியலாக, அகரவரிசையில், அக்கம்பக்கமாகத்தான் தெரியும்.

சித்தி செய்த சுத்தம்

டிசம்பர் 15-க்கு வருகிறேன். காட்பாடியிலிருந்து லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கும்போது மணி பதினொன்று. முதலில் படங்களைப் பார்த்தேன். கேலரி காலி, ஆனால் படங்களை இணையத்தில் வைத்திருக்கும் சேவையின் குப்பைத்தொட்டியைத் திறந்ததும் லுங்கிகள் அங்கே அடுக்கிக் கிடந்தன, ஒவ்வொரு படத்தின்மேலும் ‘18 நாட்கள்’ என்று. இணையத்துக்கு ஏறிவிட்ட படங்கள் என்றால் அங்கே குப்பைத்தொட்டிக்கு ஆயுசு 60 நாள். அறுபதில் பதினெட்டு போக நாற்பத்திரண்டு. டிசம்பர் 15-இலிருந்து 42 நாள் பின்னால் எண்ணினால் நவம்பர் 3. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு.

“சித்தி, தீபாவளி முடிஞ்ச ஞாயித்துக்கிழமை இந்தப் பழைய போன்ல ஏதாச்சும் பண்ணீங்களா?”

சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். “பண்ணேம்பா. இடம் இல்ல, இடம் இல்லன்னு தெனம் கத்திகினே இருந்திச்சி. போட்டோவ எல்லாம் எடுத்தேன். எனக்கு எதுக்கு லுங்கி படம்? நம்பரும் அப்டிதான், சாயக்காரன் நூல்காரன் எல்லாம் எனக்கு எதுக்கு, நம்ம ஆளுங்கள மட்டும் வெச்சிகினு மிச்சத்த எடுத்துட்டேன்.”

பழைய 1,184-ம், புதுப் போனில் சேர்த்துக் கணக்கு வழியாக இங்கேயும் வந்துவிட்ட 26-ம் ஆக 1,210-இல் 61-ஐ வைத்துக்கொண்டு 1,149-ஐ அழித்திருக்கிறார். அவர் வைத்துக்கொண்ட 61-இல் கணக்கில் இருந்தவை 49. சித்தப்பாவின் கணக்கில் அன்றைக்கு 728 இருந்தது, பழைய 702-ம் புதுப் போனில் சேர்த்த 26-ம். போனது 679.

அந்த ‘இடம் இல்லை’ என்ற வார்த்தைக்கு நான் கொஞ்சம் கோபப்பட்டே ஆக வேண்டும். எந்த இடம்? சித்தி பார்த்த அறிவிப்பு போனின் 32 ஜிபியைப் பற்றியது அல்ல, கணக்கோடு இலவசமாக வரும் 15 ஜிபி நிரம்பிவிட்டது என்பதைப் பற்றியது. மெயில், படம், ஃபைல் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த 15. அதை வாசிக்கிற மனுஷிக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு போன், இடம் என்றால் அவருக்கு அந்தப் போன்தான். அவர் தன் வீட்டைப் பெருக்கியதாக நினைத்தார், கடைக் கிடங்கைக் காலி செய்துவிட்டார். பெருக்கும்போது ‘இது உங்களுடைய எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கப்படும்’ என்று ஒரு வரி வந்திருக்கும், கட்டாயம் வந்திருக்கும். பழைய போனில் அந்தக் கணக்கின்கீழ் வேறு சாதனம் இருப்பதே சித்திக்குத் தெரியாதபோது அந்த வரிக்கு என்ன அர்த்தம்?

இனி சிங்க், அதாவது போனில் இருப்பதையும் இணையத்தில் இருப்பதையும் ஒன்றாக வைத்திருக்கும் ஏற்பாடு, எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் சித்தப்பா கேட்ட கேள்வி நியாயமானது: “அவ போன்ல அழிச்சா என் போன்ல ஏண்டா அழியணும்? என்கிட்ட கீறத பாத்து அவளுக்கு இல்ல திருப்பிக் குடுக்கணும்?”

மேலே சர்வரில், அதாவது இணையத்தில் கணக்கை வைத்திருக்கும் கணினியில், ஒரு எண் இருக்கிறது, கீழே போனில் அது இல்லை. போனுக்கு இன்னும் வந்து சேராமல் இருக்கலாம், அல்லது போனில் ஒருவர் அதை அழித்திருக்கலாம். வெறும் பட்டியலைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சித்தப்பா சொல்வதுபோல எப்போதும் இருப்பதையே திருப்பிக் கொடுத்தால், நாம் அழிக்கும் எதுவும் அழியாது, காலையில் அழித்தது மத்தியானம் வந்து நிற்கும். அதனால் அழிப்பதையும் ஒரு தகவலாக எழுதி வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் ஒரு எண்ணை அழித்தால் அது உடனே போய்விடாது, ‘அழிக்கப்பட்டது’ என்று ஓர் அடையாளம் மட்டும் விழும், அடுத்த சிங்க்கில் அந்த அடையாளம் சர்வருக்கு ஏறிய பிறகுதான் போனிலிருந்து நிஜமாகப் போகும், சர்வரிலிருந்து அது மற்ற எல்லாக் கருவிகளுக்கும் இறங்கும். இந்த அடையாளத்துக்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டூம்ஸ்டோன். நம்மூரில் சொன்னால் நடுகல். பழைய வடஆற்காட்டின் செங்கம் பக்கம் பல்லவர் காலத்து நடுகற்கள் இன்னமும் நிற்கின்றன, யார் செத்தார், எந்தச் சண்டையில் என்று கல்லிலேயே எழுதியிருக்கும். அவற்றுக்கு வயது 1,400 பக்கம். சித்தப்பாவின் நூல்கடைகளுக்கு வைத்த நடுகல் 30 நாள்தான் நின்றது.

ஆமாம், காண்டாக்ட் குப்பைத்தொட்டிக்கு 30 நாள். படத்துக்கு 60, எண்ணுக்கு 30. நான் போனது 42-ஆம் நாள்.

இங்கேதான் என் பங்கு. சித்தப்பா நவம்பர் 10 அன்றே என்னைக் கூப்பிட்டு, “நம்பர்லாம் காணும்டா, வந்து பாரு” என்றார். ஞாயிறு வரேன் சித்தப்பா என்றேன். அடுத்த ஞாயிறு வேறு வேலை, அதற்கடுத்தது ஒரு கல்யாணம், டிசம்பர் 1 ஃபெஞ்சல் புயல் மழை, 8-ஆம் தேதிக்கு என்னிடம் காரணமே இல்லை. நடுவில் அவர் ஒரு கடையில் காட்டியிருக்கிறார், அப்டேட் வந்தால் சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள், அவரும் நம்பிக் காத்திருக்கிறார். மழையில் நூல் காயாது, சாயப்பட்டறை ஓடாது, வியாபாரமே மந்தம் என்பதால் அவருக்கும் அவசரம் உறைக்கவில்லை. டிசம்பர் 3-க்குள் வந்து 679-ஐயும் தேர்ந்தெடுத்து ‘மீட்டெடு’ என்று ஒரு தட்டு தட்டியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

புளூடூத் ஃபோல்டர்

படங்களை முதலில் மீட்டேன். 2,300-க்குக் கொஞ்சம் மேலே, அப்படியே திரும்பி வந்தன. ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்தவை மட்டும் வரவில்லை, 15 ஜிபி நிரம்பியதால் அவை மேலே ஏறவே இல்லை, ஏறாத படத்துக்குக் குப்பைத்தொட்டியும் 30 நாள்தான். அதில் 140 டிசைன் போச்சு. சிலவற்றை வாங்குகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், கேட்டதும் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அந்த வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகும். பார்வைக்கு லுங்கி தெரிகிறது, பெரிதாக்கிப் பார்த்துக் கட்டத்துக்கு எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை கறுப்பு என்று எண்ணப் போனால் இழை எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கிறது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இத்த வெச்சி பாவு போட முடியாது,” என்றார். தறியில் இன்னும் இருக்கிற பாவுகளைப் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது.

எண்களுக்கு வழியே இல்லை என்றுதான் நினைத்தேன். பழைய போனில் அழிந்துவிட்டது, இணையத்தில் அழிந்துவிட்டது, புதுப் போனிலும் இல்லை. சும்மா ஒரு நப்பாசையில் புதுப் போனின் ஃபைல்களைத் துழாவியபோது புளூடூத் ஃபோல்டரில் அக்டோபர் 14 தேதியிட்ட ஒரு ஃபைல் இருந்தது. கடைப்பையன் அனுப்பிய அதே ஃபைல், ஏற்றியபோது எல்லாவற்றையும் கிறுக்கலாக்கிய அதே ஃபைல்.

லேப்டாப்பில் திறந்தேன். வரி வரியாகச் சமக்குறிகள். ஆனால் உடைந்த ஒவ்வொரு வரிக்கும் கீழே மீதி வரி இருந்தது. ஃபைலில் ஒரு குறையும் இல்லை, அதைப் படித்த செயலிக்குத்தான் ஒட்டத் தெரியவில்லை. பத்துப் பதினைந்து வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதி, வரிக் கடைசிச் சமக்குறியைப் பிடித்து அடுத்த வரியோடு சேர்த்து, பைட்டாக்கி, தமிழாக்கி ஓட்டியதும் திரையில் ‘நூல்கடை ஈரோடு’ என்று முழுசாக வந்து நின்றது. 1,184 பேரும் இருந்தார்கள். கணக்குக்கே போகாத அந்த 482-ம், ஒவ்வொருவருக்கும் கீழே பாவு, கூலி, முன்பணக் குறிப்போடு.

எல்லோரும் திட்டிய ஃபைல்தான் கடைசியில் உருப்படியான ஒரே பிரதியாக இருந்தது. அது எதோடும் சிங்க் ஆகாமல், யாருக்கும் தெரியாமல் ஒரு ஃபோல்டரில் கிடந்ததால் சித்தியின் துடைப்பம் அங்கே எட்டவில்லை. சிங்க் போட்டிருக்கிறோமே, பிறகு எதற்குத் தனியாக பேக்கப் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இனிமேல் நான் இந்த ஃபைலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஏற்றுவதற்கு முன்னால் சித்திக்குத் தனிக் கணக்கு போட்டோம். பழைய போனிலிருந்து சித்தப்பா கணக்கை நான் எடுக்கப் போனபோது சித்தி கையைப் பிடித்தார், “இத்த எடுத்தா அங்கயும் பூடுமா?” கணக்கை எடுத்தால் அந்தப் போனில் மட்டும்தான் போகும், மேலே இருப்பது அப்படியே இருக்கும். எண்ணை அழித்தால் எல்லா இடத்திலும் போகும், போனிலிருந்து கணக்கையே எடுத்தால் போகாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இது எவ்வளவு அபத்தமாகக் கேட்கிறது என்று புரிந்தது. சித்தி நம்பவில்லை. நான் எடுத்து முடித்துச் சித்தப்பா போனைத் திறந்து காட்டிய பிறகுதான் கையை விட்டார். அப்புறம் புது எண் எல்லாம் கணக்கில் சேமிக்கும்படி மாற்றினேன். மாசம் ஒரு தடவை காண்டாக்டை ஃபைலாக எடுத்து லேப்டாப்பில் போடுவது தம்பியின் வேலை. லுங்கிப் படங்களுக்கு ஒரு மெமரி கார்டு.

மீளாதது ஒன்று உண்டு. ஃபைல் அக்டோபர் 14-ஆம் தேதியது, சித்தி அழித்தது நவம்பர் 3. நடுவில் இருபது நாள், அதில்தான் தீபாவளி. தறிக்காரர்கள் எல்லோருக்கும் முன்பணம் கொடுத்தது அந்த இருபது நாளில்தான், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று குறிப்பில் ஒழுங்காக எழுதியும் இருக்கிறார். அதற்குப் பிரதி எங்கும் கிடையாது. கடைசியில் அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போய் அவர்களையே கேட்டார். பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒருத்தர் சித்தப்பா நினைத்ததைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் சொன்னார், அவருடைய மனைவி சுவரில் காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தாராம். இரண்டு பேர் குறைத்துச் சொன்னதாகச் சித்திக்கு இன்றைக்கும் சந்தேகம், சித்தப்பா அதைப் பேச விடுவதில்லை.

அந்த இருபது நாளில் புதிதாகச் சேர்த்த 26 எண்களும் பெயர் இல்லாமல் போயின. அவர்கள் இப்போதும் கூப்பிடுகிறார்கள். பொங்கலுக்குப் போயிருந்தபோது ஒரு அழைப்பு வந்தது, திரையில் வெறும் எண். சித்தப்பா எடுத்து, “சொல்லுங்க சொல்லுங்க, எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாம் சௌக்கியமா,” என்று நாலு நிமிஷம் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், நூல் விலையைப் பற்றிப் பேசினார், சிரித்தார். வைத்த பிறகு என்னைப் பார்த்து, “யாருன்னே தெர்லடா,” என்றார்.